கோடு கிழித்தால் போதுமா?

அண்டை நாடுகள் இரண்டு எல்லைக்காகச் சீறி நிற்கும்போது, அருகில் இருப்போர் மூன்று வகையாக நடந்துகொள்வதைக் காண்கிறோம். ஒரு சாரார் மூட்டிவிடுவர். "விடாதே! நியாயம் உன் பக்கமே!" என்று இருவர் காதிலும் தனித்தனியே ஓதுவர், ஓதிய பின் இருவருக்கும் படைக்கலம் விற்பர். மற்றொரு சாரார் வேடிக்கை பார்ப்பர். அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு அனுதாபச் செய்தி விடுப்பர். மூன்றாம் சாரார் மிகச் சிலர். அவர்கள் இருவரையும் அழைத்து உட்காரவைத்து, "பேசுங்கள், பேசி முடியும்வரை நாங்களும் எழுந்து போவதில்லை" என்பர். தீர்ப்பு எழுதும் நீதிபதிகள் அல்லர் அவர்கள். தீர்த்துக்கொள்ளும் துணிவை ஊட்டும் நண்பர்கள்.

இந்த மூன்றாம் சாராரின் பணி எத்தகையது, அவர்கள் எதை ஊக்குவித்திடல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்திட விரும்புகிறோம்.

"திருப்பரங்குன்றத்தை அடுத்து, திருமங்கலம் செல்லும் சாலையோரம், திருநகரில் குடியிருக்கும் உங்களுக்கு நாட்டெல்லைச் சிக்கலில் என்ன வேலை?" என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். கடற்கரை நமக்கு அருகிலே இல்லை. இராமேசுவரம் ஏறத்தாழ 170 கி.மீ. தொலைவு. பனிமலையோ இன்னும் எத்தனையோ மடங்கு தொலைவு. ஆயினும் 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மாண்ட இந்திய வீரர்கள் 20 பேருள் ஒருவர், இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். பனிமலையில் தீராத வழக்கு, வானம் பார்த்த பூமியிலே ஒரு குடும்பத்தைக் கண்ணீரில் ஆழ்த்திற்று. எல்லை எங்கோ இருக்கலாம், தோழர்களே! எல்லையின் இழப்பு நம் வாயிற்படிக்கே வந்துவிடுகிறது.

வழக்கு என்பது எப்படிப் பிறக்கிறது, எப்படித் தீர்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள வல்லரசுகளின் தலைநகரங்களுக்குப் போகவேண்டியதில்லை. வரப்போரம் நின்றாலே போதும். சில ஆண்டுகளுக்கு முன், நிலையூர்ப் பக்கத்து வயற்காட்டில் பங்காளிகள் இருவருக்கு மூண்ட வரப்புத் தகராற்றை நாம் அருகிருந்து பார்த்தோம். நில அளவையர் வந்தார், சங்கிலி பிடித்தார், கல் நட்டார், இருவரும் கையொப்பம் இட்டனர். "முடிந்தது வழக்கு" என்று ஊரார் கலைந்தனர். மூன்று திங்கள் கழிந்தது; நட்ட கல்லைக் காணோம்! மீண்டும் கூச்சல், மீண்டும் கைகலப்பு.

பின்னர் ஊர்ப் பெரியவர் ஒருவர் இருவரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்தார். "கல் எங்கே நின்றது என்பது கிடக்கட்டும் அப்பா. மடை திறந்தால் தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் போகிறது? அதைச் சொல்லுங்கள்" என்றார். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. கல்லை நட்டபோது வாய்க்காலின் வாய், மேல்வயற்காரர் பக்கம் போய்விட்டது. கீழ்வயல் காய்ந்தது, காய்ந்த வயல்தான் கல்லைப் பிடுங்கியது! பெரியவர் கல்லை மாற்றவில்லை. தண்ணீருக்கு முறை வகுத்தார். இத்தனை நாழிகை இவருக்கு, இத்தனை நாழிகை அவருக்கு என்று சொல்லி, நீர்பாய்ச்சியைச் சான்றாக வைத்தார். அதன்பின் அந்தக் கல்லை எவரும் தொட்டதில்லை.

வழக்குக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கோடு, மற்றொன்று வாழ்வு. கோட்டை மட்டும் கிழித்துவிட்டு வாழ்வை வகுக்காமல் விட்டால், கோடே புதிய வழக்குக்கு வித்தாகிவிடும். அந்த வரப்போரத்தில் நாம் கற்ற பாடம் இதுவே.

இடைநின்று பேசும் பண்பு தமிழர்க்குப் புதிதன்று. உறையூரில் நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைபட்டிருக்க, நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருக்க, கோவூர்கிழார் என்னும் புலவர் இடையே நின்று பேசிய செய்தியைப் புறநானூறு தருகிறது. இருவரும் சோழர், எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடிதான் என்பதை மன்னர் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார் அவர். அவர் கையில் படை இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து பரிசில் பெறும் எண்ணமும் இல்லை. உண்மையை உரைக்கும் நெஞ்சுரமே அவருக்குத் துணையாக நின்றது.

இக்காலத்து உலகமும் இத்தகைய இடைநிற்போரைக் கண்டிருக்கிறது. நமக்கு மிக அண்மையில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

1962 அக்டோபர் 20-ல் இந்திய–சீன எல்லையில் போர் மூண்டது. ஒரு திங்களில் சீனம் தானே போர்நிறுத்தம் அறிவித்தது. ஆனால் வழக்கு அப்படியே நின்றது. அந்த ஆண்டு டிசம்பர் 10 முதல் 12 வரை கொழும்பு நகரில் ஆறு நாடுகள் கூடின. இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகியவை அவை. எவையும் வல்லரசுகள் அல்ல. இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்கா முன்னின்று, பீக்கிங்குக்கும் டெல்லிக்கும் நேரில் சென்றார். மேற்குப் பகுதியில் சீனப்படை 20 கி.மீ. பின்வாங்குவது, விட்டுச்சென்ற இடத்தில் இரு தரப்புக் குடியியல் சாவடிகளும் இருப்பது, அந்த அடிப்படையில் இரு நாடுகளும் நேரில் பேசுவது என்பன போன்ற யோசனைகள் தரப்பட்டன. இந்தியா முழுமையாக ஏற்றது. சீனம் கொள்கையளவில் ஏற்பதாகக் கூறி, சில இடங்களில் விலகி நின்றது. பேச்சு தொடங்கவே இல்லை.

அந்த ஆறு நாடுகளின் முயற்சி வீண் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிக் கூறமாட்டோம். அவர்கள் கொண்டுவந்தது சரியான மருந்தே. குடிக்க மறுத்தவனை மருத்துவன் என்ன செய்வான்? ஊக்குவிப்பவரிடம் பரிவு இருந்தால் மட்டும் போதாது, வழக்காடுவோரிடம் விருப்பமும் இருந்திடல் வேண்டும் என்பதையே அந்த முயற்சி காட்டுகிறது. விருப்பம் இல்லாததால் நேர்ந்த விலையைத்தான் கல்வானில் கண்டோம்.

விருப்பம் இருந்த இடத்தில் என்ன நடந்தது? 1965 ஏப்ரலில் கட்ச் சதுப்பு வெளியில் இந்தியாவும் பாக்கிஸ்தானும் மோதிக்கொண்டன. பிரிட்டிஷ் தலைமை அமைச்சர் ஹெரால்டு வில்சன் இரு நாடுகளையும் இணங்கவைத்தார். அந்த ஆண்டு ஜூன் 30-ல் போர்நிறுத்த உடன்பாடு ஒப்பமாயிற்று. வழக்கை மூவர் கொண்ட நடுவர் மன்றத்திடம் விட ஒப்பினர். இந்தியா பெயர் சொன்னவர் யுகோஸ்லாவியர், பாக்கிஸ்தான் பெயர் சொன்னவர் ஈரானியர், தலைவர் ஸ்வீடன் நாட்டவர். இதற்கிடையே செப்டம்பரில் காஷ்மீரிலும் பஞ்சாபிலும் பெரும்போரே நடந்துவிட்டது! ஆயினும் நடுவர் மன்ற ஏற்பாடு கலையவில்லை. 1968 பிப்ரவரி 19-ல் தீர்ப்பு வந்தது. வழக்கிலிருந்த நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்தியாவுக்கு, ஒரு பங்கு பாக்கிஸ்தானுக்கு என்றாயிற்று. இங்கே கண்டனக் குரல் எழும்பியும், கொடுத்த வாக்கை இந்தியா காத்தது. பகையின் உச்சியிலும் சொல் தவறாமை முடியும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

கடல் கடந்து தென் அமெரிக்காவைப் பார்ப்போம். கண்டத்தின் தென்கோடியில் மூன்று சிறு தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் சிலியும் 1978 டிசம்பரில் போரின் விளிம்புக்கே வந்துவிட்டன. போப்பாண்டவரின் தூதராகக் கர்தினால் சமோரே சென்று தடுத்தார். ஆறு ஆண்டுகள் பொறுமையாகப் பேசினர். 1984 நவம்பரில் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. ஒப்பமிடுவதற்குமுன் அர்ஜென்டினா அரசு தன் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது என்பதை நாம் இங்கே அடிக்கோடிட்டுக் காட்டுகிறோம். மக்கள் பெருவாரியாக "ஏற்கிறோம்" என்றனர். மக்கள் ஏற்றதை எந்த ஆட்சியாளர் பிற்பாடு மறுக்க முடியும்?

இன்னொன்று: எக்குவடாரும் பெருவும் 1995-ல் காட்டெல்லைக்காகப் போரிட்டன. அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகள் பிணையாக நின்று மூன்று ஆண்டுகள் ஊக்குவித்ததன் பயனாக, 1998 அக்டோபர் 26-ல் இணக்கம் கண்டனர். வழக்கின் உயிர்நாடி திவின்சா என்னும் சிற்றிடம். எக்குவடார் வீரர்கள் புதைக்கப்பட்ட மண். அது பெருவின் இறையாண்மைக்கு உட்பட்டது என்று முடிவாயிற்று. ஆனால் அங்கே ஒரு சதுர கிலோமீட்டர் நிலம், தனியார் சொத்துரிமை போல, எக்குவடாருக்கு வழங்கப்பட்டது. ஆட்சி ஒருவருக்கு, அனுபவம் மற்றவர்க்கு! எல்லை என்றால் "முழுதும் எனக்கு, இல்லையேல் முழுதும் உனக்கு" என்ற இரண்டே வழிதான் என்று எண்ணுவோர் இந்தச் செய்தியைச் சிந்தித்திடல் வேண்டும்.

நம் கிழக்கெல்லையிலும் ஒரு பாடம் உண்டு. இந்திய மண்ணுக்குள் வங்கதேசத் திட்டுகள், வங்கதேச மண்ணுக்குள் இந்தியத் திட்டுகள் என 162 துண்டு நிலங்கள் சிதறிக் கிடந்தன. அவற்றில் வாழ்ந்தோருக்குப் பள்ளியும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. எந்த நாட்டுக் காவலரிடம் முறையிடுவது என்பதும் தெரியாது. 1974 மே மாதம் இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் இதனைத் தீர்க்க ஒப்பந்தம் செய்தனர். நிறைவேற 41 ஆண்டுகள் ஆயின! நாட்டின் நிலத்தை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டும் என்று உச்சநீதிமன்றம் பெருபாரி வழக்கில் 1960-லேயே கூறியிருந்தது. 2015-ல் நூறாவது திருத்தம் நிறைவேறியது. அந்த ஆண்டு ஜூலை 31 நள்ளிரவில் 111 திட்டுகள் வங்கதேசத்துக்கும் 51 திட்டுகள் இந்தியாவுக்கும் மாறின. தொகை பார்த்தால் இந்தியா கொடுத்த நிலமே அதிகம். ஆனால் அங்கு வாழ்ந்த ஒவ்வொருவரிடமும், "உமக்கு எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும்?" என்று கேட்டனர். அந்தக் கேள்விதான் அந்த உடன்பாட்டுக்கு உயிர் கொடுத்தது.

அதே 1974-ல், அதே இந்திரா காந்தி அம்மையார் மற்றோர் எல்லை ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டார். அதில் மீனவர் எவரிடமும் எதுவும் கேட்கப்படவில்லை. அதுதான் கச்சத்தீவு!

இராமேசுவரத்துக்கு வடகிழக்கே, பாக் நீரிணையில், 285 ஏக்கர் பரப்புடைய சிறு தீவு. குடியிருப்பு இல்லை; குடிநீர் இல்லை; அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. இரு கரை மீனவரும் வலை உலர்த்தி, இளைப்பாறி, ஆண்டுக்கொருமுறை திருவிழாவில் கூடிய இடம். இராமநாதபுரம் சமீன் உரிமை கொண்டாடிய நிலம். 1974 ஜூன் 26-ல் கொழும்பில் சிறிமாவோ அம்மையாரும், 28-ல் டெல்லியில் இந்திரா அம்மையாரும் ஒப்பமிட்டதும், அது இலங்கையின் பக்கம் போயிற்று. 1962-ல் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இடையே தூது நடந்த அதே சிறிமாவோ அம்மையார்! பிறர் வழக்கில் இடைநின்று நல்லுரை கூறியவர், தம் வழக்கில் இன்னொரு தலைவரோடு அமர்ந்து போரின்றித் தீர்வு கண்டார். அதனை நாம் குறைகூறவில்லை. இரு அரசுகள் துப்பாக்கியின்றிக் கோடு வரைந்தன என்பது பாராட்டத்தக்கதே.

ஆனால் வாழ்வு? ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் வழிபடச் செல்வோரும் முன்போலவே, கடவுச்சீட்டு ஏதுமின்றித் தீவுக்குச் செல்லலாம் என்றது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றொன்றின் நீரில் மரபாகத் துய்த்த உரிமைகளைத் தொடர்ந்து துய்க்கும் என்றது. மீன்பிடிக்கும் உரிமை என்ற சொல்லே அதில் தெளிவாக இடம்பெறவில்லை. தமிழ்நாட்டு அரசும் மக்களும் எதிர்ப்பு தெரிவித்தனர், கலைஞர் மு. கருணாநிதி முதல்வராயிருந்த அந்த ஆண்டு ஆகஸ்டில் சட்டமன்றம் தீர்மானமும் நிறைவேற்றியது. டெல்லியின் செவியில் ஏறவில்லை.

1976 மார்ச் 23-ல் இரண்டாவது உடன்பாடு வந்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே, மீன்வளம் மிக்க வாட்ஜ் கரை இந்தியாவுக்கு என்றாயிற்று. கூடவே இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டு நீரில் மீன்பிடித்தல் ஆகாது என்று எழுதப்பட்டது. அன்று தமிழ்நாட்டில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசே இல்லை. ஜனவரி 31-ல்தான் அது கலைக்கப்பட்டிருந்தது. நெருக்கடி நிலையில் நாடே வாய்பொத்தி நின்றது. இராமேசுவரத்து மீனவனிடமும் கேட்கவில்லை. நெடுந்தீவு மீனவனிடமும் கேட்கவில்லை. வரப்பில் கல் நடப்பட்டது, மடைமுறை வகுக்கப்படவில்லை!

பலன் என்ன? அரை நூற்றாண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சுடப்பட்டு மாண்ட மீனவர், சிறையில் வாடிய மீனவர், பறிமுதலான படகுகள், கடிதம் எழுதும் முதல்வர்கள், பதில் எழுதும் அமைச்சர்கள். 2025 ஏப்ரல் 2-ல், கச்சத்தீவை மீட்டிடல் வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் மீண்டும் ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது.

அந்தத் தீர்மானம் வெளிவந்த நாட்களில், திருநகரில் நாம் நாள்தோறும் கூடும் படிப்பகத்தில் சூடான விவாதம் எழுந்தது. "கப்பற்படையை அனுப்பித் தீவை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது" என்றார் இளைஞர் ஒருவர். அவருடைய ஆத்திரத்தின் வேரை நாம் அறிவோம். அது தன்மானத்தில் வேர்கொண்டது. ஆயினும் அவருக்கு விடையாக, நாம் அறிந்த இருவரைப் பற்றிக் கூறினோம்.

ஒருவர் நம் தெருவில் அறையெடுத்துத் தங்கிப் படித்த மாணவர். இராமேசுவரம் தீவைச் சேர்ந்தவர். அவருடைய தந்தைக்குப் படகு சொந்தமில்லை. பிறர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஒருநாள் இரவு எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு, அக்கரைச் சிறையில் பல வாரங்கள் கிடந்தார். "ஐயா, வலையில் விழுந்தால் அப்பாவுக்குப் பங்கு, அவர்கள் கையில் விழுந்தால் சிறை. முதலாளிக்குப் படகு போச்சு, எங்களுக்கு அடுப்பு அணைஞ்சு போச்சு" என்றார் அந்த மாணவர். தாயின் காதில் இருந்த தோடு, தேர்வுக் கட்டணமாயிற்று.

மற்றவர், நம் ஊருக்கு அருகிலுள்ள முகாமில் வாழும் அம்மையார். 1990-ல் தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்தவர். நம் வீட்டுத் துணிகளைத் தைத்துத் தருகிறவர். அவருடைய தம்பி ஊரிலேயே இருக்கிறார். போர் முடிந்தபின் கடன் வாங்கி வலை போட்டார். "தம்பியின்ர வலை முழுக்க அறுந்து போச்சு ஐயா. ஒரு ராவிலை! அறுத்தது ஆர்? இஞ்சையிருந்து போற எங்கட ஆக்கள்தானே" என்றார் அந்த அம்மையார். சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. வெட்கம் இருந்தது, நம் பொருட்டு வெட்கம்!

ஒருநாள் இருவரும் நம் வீட்டுத் திண்ணையில் ஒரே நேரத்தில் நேர்ப்பட்டனர். மாணவர் யார் என்று அறிந்ததும் அம்மையார் கேட்ட முதற் கேள்வி, "அப்பா விடுபட்டு வந்திட்டாரோ தம்பி?" என்பதுதான். தன் தம்பியின் வலையை அறுத்த படகுகளில் ஒன்றில் அந்தத் தந்தையும் இருந்திருக்கக் கூடும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு அரசுகள் 50 ஆண்டுகளாகக் கேட்க மறந்த கேள்வியை, தையற்கூலிக்கு உழைக்கும் ஒரு பெண்மணி ஒரு நொடியில் கேட்டுவிட்டார்.

இங்கேதான் நாம் கசப்பான உண்மை ஒன்றைக் கூறிடல் வேண்டும். கச்சத்தீவு நாளையே நம் கைக்கு வந்தாலும், மீனவர் வழக்கு முழுதும் தீர்ந்துவிடாது. விசைப்படகுகள் போகும் கடல் தீவைத் தாண்டி வெகுதூரம் செல்கிறது. நெடுந்தீவு வரை, தலைமன்னார் வரை, அதற்கு அப்பாலும் செல்கிறது. இலங்கையின் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், 1983 முதல் 2009 வரை, வடபுலத் தமிழ் மீனவர் கடலுக்குப் போகத் தடைகளும் அச்சமும் இருந்தன. அந்தக் கடல் நம் படகுகளுக்குப் பழக்கமாயிற்று. போர் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது, தங்கள் கடலில் நம் இழுவை மடிகள் உழுதுகொண்டிருக்கக் கண்டனர். இழுவை மடி கடலடியையே வாரிக்கொண்டு போகிறது. குஞ்சும் முட்டையும் தப்புவதில்லை. நாட்டுப்படகுக்காரன் வலையும் தப்புவதில்லை. 2017-ல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. அந்த முறை நம் கரையின் நாட்டுப்படகு மீனவரையும் வருத்துகிறது என்பதை இராமநாதபுரம் கரையில் யாரிடம் கேட்டாலும் சொல்வர்.

தீவு பற்றிய நம் முறையீடு நியாயமானது. வங்கதேசத் திட்டுகளுக்காக அரசியல் சட்டத்தையே திருத்தியவர்கள், கச்சத்தீவு விட்டுப்போனபோது மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலைக்கூடக் கேட்கவில்லை என்ற குறையை நாம் மறக்கப்போவதில்லை. ஆயினும் அந்த நியாயத்தை உரைக்கும் வாய், அக்கரைத் தமிழனின் அறுந்த வலையைப் பற்றியும் உரைத்திடல் வேண்டும். இல்லையேல் நாம் மூட்டிவிடுவோர் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

அப்படியானால் எதை ஊக்குவிப்பது? நாம் எண்ணுவனவற்றைக் கூறிடுகிறோம்.

முதலாவது, மீனவரோடு மீனவர் பேசுவது. 2014 ஜனவரியில் சென்னையிலும், மே மாதம் கொழும்பிலும், 2015 மார்ச்சில் மீண்டும் சென்னையிலும் இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். பிறகு அது தொய்ந்துவிட்டது. அதிகாரிகளின் கூட்டுப் பணிக்குழு ஒன்று 2016 முதல் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் வலை பிடித்த கைகள் மேசையருகே இல்லாத பேச்சு, மணமக்கள் இல்லாத திருமணம்! ஆண்டுக்கு இருமுறை, ஒருமுறை இக்கரை, ஒருமுறை அக்கரை என்று நாள் குறித்து, அரசு மாறினாலும் மாறாத ஏற்பாடாக அது நிலைபெற்றிடல் வேண்டும்.

இரண்டாவது, இழுவை மடியைக் கைவிடத் தக்க மாற்றுத் தொழில். 2017-ல் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் வந்தது. 2,000 விசைப்படகுகளை மாற்றுவது இலக்கு. படகொன்றுக்கு மதிப்பு 80 இலட்சம் ரூபாய். அதில் 70 சதவீதம் அரசு மானியம் என்றனர். இலக்கின் சிறு பகுதியே எட்டப்பட்டது. எஞ்சிய பணத்தைக் கட்ட வகையில்லை, ஆழ்கடல் தொழிலில் பழக்கம் இல்லை, கூலிக்குப் போகும் மீனவனுக்குத் திட்டத்தில் தனி இடம் இல்லை. படகுக்கு மானியம் உண்டு. படகில் போகும் மனிதனுக்கு? அந்த மாணவரின் தந்தையைக் கணக்கில் சேர்க்காத திட்டம் எப்படி வெல்லும்?

மூன்றாவது, முறை வகுத்தல். இது கனவன்று; நம் கரையிலேயே நடைமுறையில் இருப்பது. பாக் நீரிணையின் தமிழ்நாட்டுக் கரையில், விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்துக்கொண்டு, இரு சாராரும் நெடுங்காலமாகத் தொழில் செய்து வருகின்றனர். கடலில் வரப்பு போடமுடியாது. நாளால் வரப்பு போட்டார்கள்! மீன் இனம் பெருக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தொழிலை நிறுத்தவும் நம் மீனவர் இசைகின்றனர். தமக்குள் நாளைப் பகிர்ந்துகொள்ள அறிந்தவர்கள், கடலடியை அழிக்காத வலைகளை மட்டும் கொண்டு, உரிமச் சீட்டோடு, அக்கரை மீனவரின் ஒப்புதலோடு, பருவம் குறித்து நீரைப் பகிர்ந்துகொள்ள மாட்டார்களா? கையொப்பமிட்ட அரசுகள் அதற்குச் சட்ட வடிவம் தந்தால் போதும்.

நான்காவது, மனிதத்தன்மை. 2008 அக்டோபரில் இரு அரசுகளும், மீன்பிடி படகுகள்மீது துப்பாக்கிச் சூடு கூடாது என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. அந்தச் சொல் காக்கப்படல் வேண்டும். வழி தவறியவனையும் வயிற்றுக்காக வந்தவனையும் கடத்தற்காரனைப் போல் நடத்துவது எந்த நாட்டுக்கும் பெருமையன்று.

"இவற்றையெல்லாம் யார் ஊக்குவிப்பது? வில்சன் வருவாரா, போப்பாண்டவர் வருவாரா?" என்று கேட்பீர்கள். எவரும் வரவேண்டியதில்லை. டெல்லி ஒரு தரப்பு. கொழும்பு ஒரு தரப்பு. மூன்றாம் தரப்பு நாமே! கடலில் போகாமல் மீனை உண்டு, ஏட்டைப் படித்து, வாக்குச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் மதுரைச் சமவெளி மக்கள், அக்கரையிலே யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் படித்தோர், இரு நாட்டு மாணவர், ஆசிரியர், ஏடு நடத்துவோர் ஆகியோர்தாம் உட்காரவைக்கும் பெரியவர்கள். நமக்கு நடுநிலை உண்டா என்று ஐயம் எழலாம். நாம் அயலார் அல்லர்; உறவினர். கோவூர்கிழாரும் உறவைச் சொல்லித்தான் வாதாடினார். இரு பக்கத்து வலியும் தெரிந்தவனே நல்ல நடுவன்.

தேர்தல் மேடையில் "மீட்போம்" என்று முழங்குவோரிடம், "மீனவர் பேச்சை எந்தத் திங்களில் தொடங்குவீர்கள்?" என்று கேட்போம். "எல்லை தாண்டினால் பிடிப்போம்" என்று உறுமுவோரிடம், "பிடித்தவனின் பிள்ளைகள் எதை உண்ணும்?" என்று கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம். ஆறு நாடுகள் 1962-ல் வல்லமை மிக்க இருவரிடம் கேட்கத் துணிந்தபோது, எட்டுக் கோடி தமிழர் கேட்க நாணுவானேன்?

கோடு கிழிக்க இரண்டு கையொப்பம் போதும், தோழர்களே. கடலில் வாழ்வை வகுக்க இரண்டு கரையும் வேண்டும். அந்த இரு கரையையும் ஓரிடத்தில் அமரவைக்கும் பணி நமக்குக் காத்திருக்கிறது.